மக்ரூன் டப்பாவில் ஒரு முகம்

என் மாமாவுக்கு மனிதர்களில் தலை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். உடம்பு என்பது தலையைத் தாங்குவதற்காக ஆண்டவர் போனால் போகிறதென்று கொடுத்தது என்பது அவருடைய எண்ணம். பானை அளவு தலை, அதன் கீழே தீக்குச்சி மாதிரி கைகால்கள் என்று அவர் வரையாத நடிகர் இல்லை, மந்திரி இல்லை, கிரிக்கெட் ஆட்டக்காரர் இல்லை. அம்மாவின் கடைசித் தம்பி அவர். தூத்துக்குடியில் ஜெராக்ஸ் கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவில் ஒரு சின்ன அறையில் பிளெக்ஸ் அடித்துக் கொடுக்கும் தொழில். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் கம்ப்யூட்டரில் வேலை நடக்கும். கேலிச்சித்திரம் மட்டும் கையால். மாதா கோவில் திருவிழா நாட்களில் வாசலுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க விடமாட்டார்கள்.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் அந்தக் கடைக்குத்தான் போவேன். வீட்டில் அம்மா தையல் மிஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். அப்பா இல்லை. இல்லை என்று நான் சொன்னால் அம்மாவுக்குப் பொல்லாத கோபம் வரும். கடலுக்குப் போயிருக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும். நான் தவழ்கிற காலத்தில் அப்பா வேலை பார்த்த சரக்குத் தோணி மாலத்தீவுக்குப் போகிற வழியில் மூழ்கியது. சிலரை வேறொரு கப்பல் தூக்கிக் கரை சேர்த்தது. அப்பாவும் இன்னும் சிலரும் கிடைக்கவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

எங்கள் பக்கத்து வீடுகளில் செத்தவர்களின் படம் முன்னறைச் சுவரில், இயேசுவின் திருஇருதயப் படத்துக்குக் கீழே, சின்ன சிவப்பு பல்போடு தொங்கும். கடலில் காணாமல் போனவருக்கு அப்படி மாட்டிவிட முடியாது. பெண்டாட்டி சரி என்று சொல்ல வேண்டும். அவள் சொன்ன பிறகுதான் சாமியார் இரங்கல் பூசை வைப்பார். அம்மா சொல்லவில்லை. அவள் அசந்த நேரத்தில் யாராவது எடுத்துப் போய்ச் சட்டம் போட்டுவிடுவார்களோ என்று கல்யாண ஆல்பம் முதல் சின்ன போட்டோ வரை எல்லாவற்றையும் ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியைத் தாலிச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். அதனால் எனக்கு என் அப்பாவின் முகம் தெரியாது. ஏழு வருஷம் தாண்டிவிட்டது, சட்டப்படி இறந்துவிட்டதாக எழுதி வாங்கலாம், ஒரு கையெழுத்துப் போடு என்று அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, வரும்போதெல்லாம் சொல்வார். அம்மா அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுவாள்.

இது இப்படி இருக்க, பேக்கரி அண்ணாச்சி ஒருநாள் மாமாவைத் தேடி வந்தார். எங்கள் ஊர் மக்ரூன் வாயில் போட்டால் கரையும், டப்பாவைப் பார்த்தால் மட்டும் ஒருத்தனும் திரும்ப மாட்டேன் என்கிறான் என்பது அவருடைய குறை. அப்போது ஒரு நடிகர் உச்சத்தில் இருந்தார். ஒற்றைப் புருவத்தைத் தூக்கி, உதட்டைக் கோணிக்கொண்டு அவர் சிரித்தால் தியேட்டர் கூரை பிய்ந்துபோகும். அந்த நடிகர் மக்ரூனைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிற மாதிரி மாமா வரைந்துகொடுத்தார். பெயர் எங்கேயும் போடவில்லை. போடத் தேவையும் இருக்கவில்லை. டப்பாக்கள் பறந்தன. துறைமுகத்துக்கு வருகிறவர்கள் எல்லாம் ஊருக்குப் போகும்போது இரண்டு மூன்று வாங்கிப் போனார்கள். நான் வகுப்பில் கொஞ்சம் தலைக்கனத்தோடு திரிந்தேன்.

அப்புறம் சென்னையிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. அந்த நடிகரின் முகம், குரல், புருவம், சிரிப்பு எல்லாம் அவருக்கே உரியவை, அனுமதி இல்லாமல் அவற்றைக் காட்டிச் சரக்கு விற்றது குற்றம், உடனே நிறுத்தவும் என்று இருந்தது. அண்ணாச்சிக்குப் பாதி பயம், பாதி எரிச்சல். மாமாவை இழுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு வக்கீலிடம் போனார். நானும் மாமாவின் விரலைப் பிடித்துக்கொண்டு போனேன். எங்கள் ஊர் முந்திரியிலும் முட்டையிலும் அவருக்கு என்ன பங்கு என்று அண்ணாச்சி கேட்டார். வக்கீல் சிரித்தார். கேலிக்காகப் பத்திரிகையில் வரைந்திருந்தால் அது கருத்து, யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், டப்பாவில் போட்டால் அது விளம்பரம் என்றார். பெயர் போடாததால் தப்பிக்க முடியாது. பார்க்கிறவர்களுக்கு அவர் ஞாபகம் வந்தாலே போதும்.

“அப்ப ஞாபகம் வராத மாரி மாத்திட்டா?” என்று மாமா கேட்டார்.

“யாருக்குமே அவர் ஞாபகம் வரலைன்னா அது அவர் முகமே இல்லையே” என்றார் வக்கீல்.

அண்ணாச்சி ஏற்கெனவே புது டப்பாவுக்குத் தாள் வாங்கிவிட்டார். படத்தை மாற்றித் தா என்று மாமாவை விரட்டினார். மாமா அந்த நடிகரைக் கழிக்கத் தொடங்கினார். கழிப்பது என்றுதான் அவரே சொன்னார். ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு பிடி உண்டு, அதைப் பிடித்துப் பெரிதாக்கினால் ஆள் வந்துவிடுவார், அதையே குறைத்துக்கொண்டு போனால் ஆள் போய்விடுவார் என்பது அவர் கணக்கு. போய்விட்டாரா என்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். சினிமா முகங்களில் என்னைவிடப் புலி அந்தத் தெருவில் இல்லை என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது.

தினமும் சாயங்காலம் ஒரு புதுப் படத்தைக் காட்டி யார் என்று கேட்பார். நான் அந்த நடிகரின் பெயரைச் சொல்வேன். அன்றைக்குப் புருவம் இறங்கும். மறுநாள் மீசை போகும். நெற்றி முடி மேலே ஏறும். உதட்டுக் கோணல் நேராகும். ஒவ்வொரு படத்தையும் கயிற்றில் கிளிப் போட்டு வரிசையாகத் தொங்கவிட்டார். அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்தால் ஒரே மனிதன் தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்துக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. எனக்கு அது முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு அந்த வரிசையின் கடைசிப் பக்கம் போக யோசித்தேன்.

கடைசியில் ஒரு படத்தைக் காட்டினார். நான் வெகுநேரம் பார்த்தேன். நடிகர் அதில் இல்லை. பெரிய தலை, சாதாரணக் கண்கள், கொஞ்சம் வெளியே தள்ளிய காதுகள், ஒரு சிரிப்பு. மற்ற படங்கள் எல்லாம் ஊரைப் பார்த்துச் சிரித்தன. இது என்னைப் பார்த்தது.

“யாருளா இது? நல்லாப் பாத்துச் சொல்லு.”

“யாருமே இல்ல மாமா. எனக்குத் தெரியலை.”

மாமா அப்பாடா என்று பென்சிலைக் கீழே போட்டார். அண்ணாச்சியும் வந்து பார்த்தார். அவர் எங்கள் ஊருக்குக் கடை வைக்க வந்து நாலைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. அவருக்கும் யாரென்று தெரியவில்லை. படத்தின் நகல் அச்சுக்குப் போனது. அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது அந்தப் படத்துக்கு முதுகைக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. ஏனென்று இன்றுவரை தெரியாது. பின்னோக்கியே நடந்து வாசலுக்கு வந்து, படியில் இடறி விழுந்தேன், மாமா சிரித்தார்.

புது டப்பா கடைக்கு வந்த பிறகு ஊரில் என்னவோ மாறியது. அண்ணாச்சி கண்ணாடிக்குப் பின்னால் மேல்கூரை வரை அடுக்கி வைத்திருந்தார். வெயில் நேரத்தில் உள்ளே போனால் சுவர் முழுக்க அந்த ஒரே சிரிப்பு. தோணித் துறையிலிருந்து டீ குடிக்க வருகிற வயசான ஆட்கள் சிலர் அதைப் பார்த்ததும் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துவிட்டார்கள். ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டு டீயைக் குடிக்காமலே வெளியே போனார். நான் தெருவில் போனால் பெண்கள் பேச்சை நிறுத்தி என் முகத்தை உற்றுப் பார்த்தார்கள். ஒருத்தியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாவிடம் போய்ச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

கடைசியில் கடல்தான் சொன்னது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து நாங்கள் வீட்டில் இருந்தோம். திரேஸ்புரத்திலிருந்து ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்து, கரையில ஒன்னு ஒதுங்கியிருக்கு, நீ வந்து பாரு என்றாள். என்ன ஒதுங்கியிருக்கிறது என்று அம்மா கேட்கவில்லை. செருப்பில்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். வழியெல்லாம் அவள் உதடு ஜெபத்தை முணுமுணுத்தது. என் மணிக்கட்டில் அவள் விரல்கள் பதிந்த இடம் சிவந்துவிட்டது.

கரையில் வள்ளங்களுக்கு நடுவே கூட்டம் நின்றது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார்கள். எங்களைக் கண்டதும் வழி விட்டார்கள். ஈர மணலில் ஒரு வேட்டித் துண்டு விரித்திருந்தது. பிணத்தின் முகத்தை மூடுவது போல யாரோ மூடியிருந்தார்கள். ஆனால் அதன் கீழே உடம்பு இல்லை, துண்டு தட்டையாகக் கிடந்தது. அம்மா குனிந்து விலக்கினாள்.

மக்ரூன் டப்பாவின் மூடி. தோணியில் போன யாரோ தின்றுவிட்டுக் கடலில் வீசியிருக்க வேண்டும். பளபளப்புத் தாள் என்பதால் தண்ணீரில் கரையவில்லை. அலை அதை மல்லாக்கக் கொண்டுவந்து போட்டிருந்தது. அந்த முகம் வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. கன்னத்தில் மணல் ஒட்டியிருந்தது. அம்மா முட்டிபோட்டு உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் ஒவ்வொரு மணலாகத் துடைத்தாள். பக்கத்தில் நின்ற கிழவர் என்னைப் பார்த்து, உங்கப்பாதாம்ளா, கும்பிட்டுக்கோ என்றார். நான் என் அப்பாவை முதன்முதலில் பார்த்தது அப்படித்தான். யாருமே இல்லை என்று நான் சொன்ன முகம்.

அம்மா அழவில்லை. மூடியை மார்போடு அணைத்துக்கொண்டு நேரே மாமாவின் கடைக்கு நடந்தாள். மாமா அவள் கையில் இருந்ததைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு கயிற்றில் தொங்கிய வரிசையைப் பார்த்தார். கடைசிப் படத்துக்கு வந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பா போனபோது மாமா பள்ளிக்கூடத்துப் பையன். அந்த முகம் எனக்கு மறந்தேபோச்சு என்று பலமுறை வருத்தப்பட்டிருக்கிறார்.

“மாதா சத்தியமா நான் அத்தான வரையலக்கா. எதையும் சேக்கல. கழிச்சுக்கிட்டேதான் வந்தேன். அந்த நடிகரு இருக்காரா இல்லையான்னு மட்டும்தான் பாத்தேன். வேற யாரு வந்து நிக்கான்னு பாக்கல.”

விஷயம் ஊரெல்லாம் பரவியது. பெரியப்பா வந்து குதித்தார். செத்தவனை வைத்து மிட்டாய் விற்கிறான், நாளைக்கே கடையை மூட வைக்கிறேன் என்றார். அம்மா மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு அதே வக்கீலிடம் போனாள். மேசைமேல் மூடியை வைத்தாள். நடிகர் முகத்தைப் போட்டதற்கு அவர் நிறுத்தச் சொல்லலாம் என்றால் என் வீட்டுக்காரர் முகத்தை யார் நிறுத்தச் சொல்லலாம் என்று கேட்டாள்.

வக்கீல் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் பெரிய புள்ளியா என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் அது வேறு சிக்கல் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“அவர் இருக்காரா, இல்லையாம்மா? இருக்காருன்னா அவர்தான் வந்து கேக்கணும். இல்லைன்னா, செத்தவங்க முகத்துக்குக் கேக்கிற உரிமை அவங்களோடயே போயிருச்சுன்னுதான் பெரும்பாலும் சொல்லுவாங்க. உங்க பேர்ல நான் என்னத்தன்னு எழுத?”

அந்தக் கேள்வியை அத்தனை வருஷத்தில் யாரும் அம்மாவிடம் நேராகக் கேட்டதில்லை. சுற்றி வளைத்துத்தான் கேட்பார்கள். அம்மாவுக்கு வருத்தமாக இருக்கும் என்று வக்கீல் நினைத்திருப்பார். நான் பக்கத்தில் இருந்தேன், அவள் பெருமூச்சு விட்டது எனக்குத் தெரிந்தது. அது நிம்மதி. அப்போ அவரைத் தவிர வேறு யாரும் இதை நிறுத்த முடியாது, அப்படித்தானே என்று மறுபடி ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டாள். நேரே பேக்கரிக்குப் போனாள். அண்ணாச்சி அவளைக் கண்டதும் கை கூப்பினார், தெரியாமல் நடந்துவிட்டது, எல்லாவற்றையும் எரித்துவிடுகிறேன் என்றார்.

“எரிச்சிராதீங்க அண்ணாச்சி. இது எங்கங்க போவுமோ அங்கெல்லாம் போவட்டும். எங்கனயாவது இருந்தாருன்னா யாராவது பாத்துட்டுச் சொல்லுவாங்கல்லா.”

பெரியப்பா எங்களோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். சாமியார்கூட அம்மாவைக் கூப்பிட்டு இதமாகச் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. துறைமுகத்துக்கு லாரி ஓட்டி வருகிறவர்கள், கப்பலுக்குப் போகிறவர்கள், தோணிக்காரர்கள் என்று யார் கண்ணில் பட்டாலும் ஒரு டப்பா வாங்கிக் கையில் திணித்தாள். தைத்துச் சம்பாதித்ததெல்லாம் மக்ரூனாகப் போனது. மாமா அந்தக் காலத்தில் கேலிச்சித்திரத்தையே விட்டுவிட்டார். ஒரு மந்திரியையும் ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரரையும் வரைந்து கழித்துப் பார்த்தாராம். இரண்டு பேரும் கடைசியில் அதே முகத்தில் வந்து நின்றார்களாம். இதை அவர் என்னிடம் மட்டும் சொன்னார், அதுவும் பட்டப்பகலில், கடை வாசலில் நாலு பேர் நிற்கும்போது.

நானோ அந்த முகத்தோடு சிநேகமாகிவிட்டேன். எங்கள் வீட்டில் நூல்கண்டு வைப்பதும் பொத்தான் வைப்பதும் அந்த டப்பாக்களில்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அப்பா மக்ரூனை நீட்டுவார். பரீட்சைக்குப் போகும்போது சொல்லிவிட்டுப் போவேன். சில சமயம் பஸ்ஸில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருப்பவர் அவராகத் தெரிவார். இறங்கும் வரை பார்த்துக்கொண்டே வருவேன். அம்மாவும் அதே ஆளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நாங்கள் இருவரும் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ள மாட்டோம்.

ஒரு மழைக்கால மத்தியானம் வேம்பார்க்காரர் ஒருவர் வீடு தேடி வந்தார். கப்பலில் வேலை பார்ப்பவர். வந்தவர் உட்காராமல் நின்றார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த டப்பா மூடியை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். அம்மா என்னைக் கடைக்கு அனுப்பி அவருக்கு ஒரு கலர் வாங்கி வரச் சொன்னாள். நான் அப்பாவைப் பற்றித்தான் என்று புரிந்துகொண்டு ஒரே ஓட்டமாகப் போய் ஓடிவந்தேன்.

திரும்பி வந்தபோது அம்மா தையல் மிஷினுக்குப் பக்கத்தில் அவருடைய செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எட்டிப் பார்த்தேன். போட்டோவில் ஒரு கடற்கரை. நிற்கிற மரத்தோணி எங்கள் ஊர்த் தோணி போல இல்லை, பாய்மரக் கூம்பு வேறு மாதிரி இருந்தது. இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூட உடுப்பில் நின்றார்கள். படத்தின் ஒரு பக்கத்தை அம்மாவின் கட்டைவிரல் மறைத்திருந்தது. சின்னப் பெண்ணை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. வந்தவருடைய பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டு, எந்த ஸ்கூலில் படிக்கிறார்கள் என்று அவரிடம் கேட்டேன். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கலரைக் குடியுங்கள் என்று அவரை உபசரித்தாள். போகும்போது அவருக்குப் பஸ் வரை குடை கொடுத்து அனுப்பினாள்.

அந்தக் கட்டைவிரலுக்கு அடியில் என் அப்பா உயிரோடு நின்றுகொண்டிருந்தார் என்பதை அம்மா என்னிடம் சொன்னது எனக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகு. குஜராத் பக்கம் ஒரு துறைமுகத்தில் வேறு பெயரில் இருந்தார். மூடியைக் காட்டி வேம்பார்க்காரர் கேட்டபோது, அது நான் இல்லை என்று சொல்லியிருக்கிறார்.

வேம்பார்க்காரர் வந்துபோன அன்று சாயங்காலமே அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனாள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டாள். பெரியப்பா உள்ளே போய்க் காகிதத்தைத் தேடி எடுத்துவந்தார். பெரியம்மா அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அம்மாவின் கண் காய்ந்தே இருந்தது. அங்கிருந்து சாமியாரிடம் போய்ப் பூசைக்கு நாள் கேட்டோம். பிறகு பேக்கரி. மழை விட்டு வெளிச்சம் வந்திருந்தது. அடுக்கிய டப்பாக்களில் அத்தனை முகங்களும் எங்களைப் பார்த்துச் சிரித்தன. அம்மா அவற்றில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. இனிமேல் இந்தப் படம் வேண்டாம், இருப்பதையும் எடுத்துவிடுங்கள் என்றாள். அண்ணாச்சி ஒன்றும் புரியாமல், நீங்கதானம்மா நிறுத்தக் கூடாதுன்னு சொன்னீங்க என்றார்.

“செத்தவுக படத்தப் போட்டு யாவாரம் பண்ணக் கூடாது அண்ணாச்சி.”

அவர் சட்டென்று எழுந்து நின்றார். கடையில் இருந்தவர்களும் எழுந்தார்கள். நான் கண்ணாடிப் பெட்டியில் நெற்றியை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். கல்லாவில் இருந்த அக்கா வந்து என் தலையைத் தடவினாள். வேம்பார்க்காரர் அப்பாவின் சாவைத்தான் வந்து சொல்லிவிட்டுப் போனார் என்று நினைத்தேன். அம்மா ஏன் கொஞ்சம்கூட அழவில்லை என்று அவள்மேல் எனக்கு அவ்வளவு கோபம்.